மேற்கு ஏழு பச்சையாக இருந்தது

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. அலுவலகத்தில் அவன் ‘அலோ’. போனை எடுத்ததும் ஹலோவின் முதலெழுத்தைப் பாதி விழுங்கிவிடுவான் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் அவன் பிழைப்பு. காலையிலிருந்து சாயங்காலம்வரை ஊரிலுள்ள பெட்டிகளுக்கெல்லாம் அலோ சொல்வதுதான் அவன் வேலை.

வங்கிக் கிளையில் மேஜைக்கடியில் தூசி தின்றுகொண்டிருக்கும் நெட்வொர்க் பெட்டி, குளிர்பதனக் கிடங்கில் குளிர் அளக்கும் பெட்டி, கடை வாசலில் வருகிறவர் போகிறவரை முறைக்கும் கேமரா என எல்லாவற்றையும் தூரத்தில் உட்கார்ந்து கண்காணிக்கும் கம்பெனி அது. சுவர் அகலத்துக்கு ஒரு திரை. திரை முழுக்கக் குட்டிக் குட்டிக் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு பெட்டி. கம்ப்யூட்டர் ஒவ்வொன்றையும் விடாமல் ‘இருக்கியா?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ‘இருக்கேன்’ என்று பதில் வந்தால் கட்டம் பச்சை. நாலைந்து தரம் கூப்பிட்டும் பேச்சுமூச்சில்லை என்றால் சிவப்பு, கூடவே காதைக் குடையும் ஒரு கீச்சொலி.

‘நல்லா இருக்கியா?’ என்று அது கேட்பதில்லை. ‘இருக்கியா?’ அவ்வளவுதான். ரொம்பக் குறைச்சலான விசாரிப்புதான். ஆனால் பாதிக் குடும்பங்கள் இதைவிடக் குறைச்சலாக விசாரித்துக்கொண்டு சௌக்கியமாகத்தான் ஓடுகின்றன.

கட்டம் சிவந்தால் அலோ போனை எடுப்பான். கரண்ட் இருக்கா? வயர் சொருகியிருக்கா? லைட் எரியுதா? உலகத்தின் எல்லா நோய்க்கும் அவனிடம் இந்த மூன்று கேள்விதான். மூன்றாவதுக்கு ‘எரியுது’ என்று பதில் வந்துவிட்டால் அவன் குரலில் ஒரு தெளிவு வந்துவிடும். லைட் எரிந்தால் பெட்டிக்கு உயிர் இருக்கிறது, மிச்சத்தை இங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம். ஒரு வங்கிக் கிளை தினமும் காலையில் சிவந்து, கொஞ்ச நேரத்தில் தானே பச்சையாகும். வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் கண்டுபிடித்தான்: காவலாளி வந்ததும் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் தன் போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கதையை அவன் கல்யாண வீடு முதல் சாவு வீடு வரை எல்லா இடத்திலும் சொல்லியாகிவிட்டது. அவன் மனைவி அந்தக் கதை ஆரம்பித்ததும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள்.

அந்தத் திரையில் ஒரு மூலையை மட்டும் அவன் தன் சொந்தச் சொத்துபோல் பார்த்துக்கொண்டான். கம்பெனியின் வாடிக்கையாளர்களில் ஒரு முதியோர் இல்லமும் இருந்தது. அங்கே ஒவ்வொரு கட்டிலோடும் ஓர் அழைப்பு மணி. உள்ளங்கையில் அடங்கும் பொத்தான். அமுக்கினால் அதிலேயே ஒரு சின்ன லைட் எரியும், நர்ஸம்மா மேஜைக்கு எதிரே உள்ள போர்டில் கட்டில் எண் வந்து விழும். அந்த மணிகளுக்கும் அவன் திரையில் வரிசையாகக் கட்டங்கள் உண்டு. மேற்கு வரிசையில் ஏழாவது கட்டம் அவன் அப்பா.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு குழறல். அலோவின் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தங்கையோ வேறு ஊரில், மாமனார் மாமியாரோடு ஒண்டிக்கொண்டிருப்பவள். ஆக, இல்லம். தான் கண்காணிக்கும் இல்லமாகவே பார்த்துச் சேர்த்ததில் அலோவுக்கு ஒரு பெருமிதம். தெரிந்த கடையில் வாங்கினால் ஏமாற்ற மாட்டார்கள் என்ற மாதிரி.

சேர்த்த அன்று அப்பாவின் இடது கையில் பொத்தானைக் கொடுத்து அவனே பாடம் எடுத்தான். “எது வேணும்னாலும் இத அமுக்குங்கப்பா. லைட் எரிஞ்சுதுன்னா எனக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம். அங்க உக்காந்து நான் பாத்துட்டேதான் இருப்பேன்.”

இதில் பாதி பொய். அமுக்குவது நர்ஸம்மாவின் போர்டுக்குத்தான் போகும். அவன் திரைக்குத் தெரிவதெல்லாம் பெட்டி இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே. ஆனால் வாதம் வந்த மனிதரிடம் நெட்வொர்க்கை விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? ஆறுதலுக்கு ஒரு வார்த்தை. அப்பா ஒரு தரம் அமுக்கினார், லைட் எரிந்தது. பிறகு வாயின் ஒரு பக்கத்தால் சிரித்துக்கொண்டு இரண்டு தரம் அமுக்கினார். போலாம் ரைட். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் கிளம்பு. பஸ்ஸில் வாழ்நாளெல்லாம் தட்டிய கை, வீட்டிலும் அதே பாஷைதான் பேசும். சின்ன வயதில் அலோ வீட்டுப் பாடத்தை விட்டு எழுந்திருக்க வேண்டுமென்றால் அப்பா மேஜையில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். அதுவரை பஸ் நகராது.

ஆரம்பத்தில் வாராவாரம் போனான். பிறகு ஷிஃப்ட் மாறியது, பிறகு மழை, பிறகு மனைவிக்குக் கால் வலி. போகாத குற்றத்துக்கு மருந்தாகக் கட்டம் இருந்தது. வேலைக்கு வந்து உட்கார்ந்ததும் முதலில் மேற்கு ஏழைப் பார்ப்பான். பச்சை. தங்கை போனில் திட்டுவாள், ஒரு எட்டுப் போய்ப் பார்க்கக் கூடாதா என்று. “பாத்துட்டுதான் இருக்கேன்,” என்பான். அவன் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் இதில் பயங்கரம்.

ஒருநாள் காலை மேற்கு ஏழு சிவந்தது. கீச்சொலியை அணைக்கக்கூட அலோ நிற்கவில்லை. இல்லத்துக்குப் போன் போட்டான். நர்ஸம்மா அலுங்காமல் சொன்னாள்: பொத்தானில் பேட்டரி தீர்ந்துவிட்டது, ஆள் போயிருக்கிறான், மாற்றிவிடுவான். போனை வைத்த கையோடு அது மறுபடி அடித்தது. அதே இல்லத்து வயர்மேன். முன்கட்டில் மேனேஜர் அறைக்குப் புது பிரிண்டர் வந்திருக்கிறது. அதற்கு ஒரு நெட்வொர்க் நம்பர் போட வேண்டும்.

நெட்வொர்க்கில் ஒவ்வொரு பெட்டிக்கும் கதவு எண் மாதிரி ஒரு நம்பர் உண்டு. ஒரு நம்பரில் ஒரு பெட்டிதான் குடியிருக்கலாம். எது காலி என்று பட்டியலைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். பட்டியலில் எப்போதோ குப்பைக்குப் போன பெட்டிகள் எல்லாம் இன்னும் குடும்பத்தோடு வசித்துக்கொண்டிருந்ததால் அதை யாரும் பார்ப்பதில்லை. பதிலாக ஒரு குறுக்கு வழி: அந்த நம்பரைக் கூப்பிட்டுப் பார்ப்பது. பதில் வராவிட்டால் காலி. இந்தத் தொழிலில் இருக்கும் அத்தனை பேரும் செய்வது இது. அத்தனை பேரும் செய்யாதே என்று அடுத்தவனுக்கு உபதேசிப்பதும் இதுதான்.

“அம்பத்தேழு காலியா சார்? என் பைக் நம்பர், மறக்காது,” என்றார் வயர்மேன்.

அலோ ஐம்பத்தேழைக் கூப்பிட்டான். பதில் இல்லை. இன்னொரு தரம். இல்லை. “காலிதான், வச்சுக்கங்க,” என்று சொல்லிவிட்டு மறுபடி மேற்கு ஏழையே முறைத்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் கட்டம் பச்சையானது. பெருமூச்சு விட்டான். பேட்டரி மாற்றிவிட்டார்கள். எழுந்து போய் டீ குடித்தான்.

அதற்கப்புறம் அப்பா நன்றாகத் தேறிவந்தார், திரையில். முன்பெல்லாம் அந்தப் பொத்தான் பதில் சொல்லும் வேகம் நிலையில்லாமல் இருக்கும். காற்றில் போகிற சிக்னல்தானே. ஒரு நேரம் உடனே பதில் வரும், ஒரு நேரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு யோசித்து வரும். அப்பாவைப் போலவே என்று அவன் நினைத்துக்கொள்வான். இப்போதோ கூப்பிட்ட மாத்திரத்தில் பதில். நாள் முழுக்க ஒரே சீராக. தங்கையிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டான்.

“அப்பா இப்ப செம ஸ்பீடு. முன்ன மாதிரி இல்ல.”

“நேர்ல பாத்தியா அண்ணா?”

“நேர்ல பாத்தா இவ்வளவு துல்லியமாத் தெரியாதும்மா.”

அவள் போனை வைத்தாள். அவளும் இல்லத்து ஆபீசுக்குப் போன் செய்து கேட்கிறவள்தான். அங்கேயும் நல்ல செய்திதான். பெரியவர் முன்பெல்லாம் மணியடித்துக்கொண்டே இருப்பார், இப்போது ரொம்ப அமைதி. அந்த மாதம் இல்லத்தின் கட்டங்களில் ஒரு சிவப்புகூட நிலைக்கவில்லை என்று மேலதிகாரி பாராட்டி மெயில் அனுப்பினார். இப்படி எல்லோருக்கும் திருப்தியாக ஒரு காலம் அபூர்வமாகத்தான் வாய்க்கும்.

பிறகு ஒரு மத்தியானம் இல்லத்தின் மேற்குப் பகுதியில் கரண்ட் போனது. அந்தப் பக்கத்து மணிகளுக்கெல்லாம் சிக்னல் கொடுக்கும் தாய்ப் பெட்டி அணைந்தது. மேற்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று கட்டங்கள் வரிசையாகச் சிவந்துகொண்டே வந்தன. ஏழைத் தாண்டி எட்டு சிவந்தது, ஒன்பது சிவந்தது. ஏழு மட்டும் பச்சை.

அலோ பக்கத்து நாற்காலிக்காரியைத் தட்டிக் கூப்பிட்டான். நாளுக்கு எத்தனை டீ என்று கணக்கில்லாததால் அவளுக்கு அலுவலகத்தில் ‘கெட்டில்’ என்று பெயர். “பாத்தியா எங்கப்பாவ? எல்லாரும் சாஞ்சாச்சு, மனுஷன் அசையல.”

கெட்டில் பார்த்தாள். சிரிக்க வாயெடுத்தவள் சிரிக்கவில்லை.

“அலோ, தாய்ப் பெட்டியே செத்துக் கிடக்கு. அது வழியாத்தான எல்லாம் வரணும். உங்கப்பா மட்டும் எந்த வழியா பேசுறாரு?”

அவனுக்குக் கேட்டது. புரியவும் செய்தது. தொழிலில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவனே முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் விஷயம் அது: தாய்ப் பெட்டி போனால் பின்னால் இருப்பது எதுவும் பேசாது. பேசினால், பேசுவது அது இல்லை.

நம்பர் என்பது நாம் வைப்பது. அதுபோக ஒவ்வொரு பெட்டிக்கும் தொழிற்சாலையிலேயே குத்தி அனுப்பும் பிறவி எண் ஒன்று உண்டு. அதை வைத்துப் பெட்டி எந்தக் கம்பெனியின் பிள்ளை என்று சொல்லிவிடலாம். மேற்கு ஏழின் பிறவி எண்ணைக் கம்ப்யூட்டரிடம் கேட்டு வாங்கினான். வந்த எண், மணி செய்யும் கம்பெனியுடையது இல்லை. பிரிண்டர் செய்யும் கம்பெனியுடையது.

மேற்கு ஏழுக்குப் பின்னால் இருக்கும் நம்பரை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தான். ஐம்பத்தேழு. இத்தனை நாள் கட்டத்தின் மேல் எழுதியிருந்த பெயரையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு நம்பரைப் பார்க்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

பேட்டரி செத்துக் கிடந்த அந்தச் சில நிமிடங்களில் அவன் அப்பாவின் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஆளில்லை என்று வீட்டை இன்னொருவனுக்கு வாடகைக்கு விட்டிருந்தான். புது பேட்டரியோடு பொத்தான் திரும்பி வந்தபோது உள்ளே பிரிண்டர் கால் நீட்டிப் படுத்திருந்தது. வயரில் உட்கார்ந்திருப்பதால் அதற்குக் குரல் பெரிது. ‘இருக்கியா?’ என்று யார் கேட்டாலும் முந்திக்கொண்டு ‘இருக்கேன்’ என்றது. பொத்தானின் பேச்சு அன்றிலிருந்து வெளியே வரவில்லை, நர்ஸம்மாவின் போர்டுக்கும்.

இல்லத்துக்குப் போன் போட்டான். நர்ஸம்மா எடுத்தாள். “உங்கப்பாவா? தொல்லையே இல்ல சார் இப்பல்லாம்,” என்றாள், நல்ல மனதோடு.

அவன் ஷிஃப்ட் முடியும்வரை இருக்கவில்லை. கெட்டிலிடம் திரையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னானா என்பதுகூட அவனுக்கு நினைவில்லை.

மேற்கு வரிசையில் அப்பாவின் ஒற்றைக் கட்டில் அறை. ஜன்னல் சாத்தியிருந்தது. கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. மூத்திரம் மட்டும் இல்லை, அதற்கு அடியில் இனிப்பாக அழுகிய இன்னொன்று. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஆட்கள் வந்துபோயிருக்கிறார்கள். நடுவிலுள்ள நேரமெல்லாம் அப்பா நனைந்தால் நனைந்தபடி, ஒரே பக்கமாகக் கிடந்திருக்கிறார். மணியடித்தேனே என்று குழறியிருக்கிறார். போர்டில் வரவில்லையே என்று இவர்கள் சொல்லி, வாங்கி ஒரு தரம் அமுக்கிப் பார்த்து, லைட் எரிகிறதே, நன்றாகத்தானே இருக்கிறது என்று கையில் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். லைட் எரியப் பேட்டரி போதும். அது எரிவதற்கும் சேதி போய்ச் சேர்வதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

போர்வையை விலக்கி முதுகைப் பார்த்தவன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு திறந்து பார்த்தான். புண்ணுக்குள் எலும்பு தெரிந்தது.

பொத்தான் இடது கையிலேயே இருந்தது. அதன் ரப்பர், கட்டைவிரல் படும் இடத்தில் குழிந்து, வெளுத்திருந்தது. அப்பா அவனைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது. கோபம் இல்லை, வெகுநேரம் காத்திருந்த பயணி, நிற்காமல் போன பஸ்ஸை மறுநாள் பார்ப்பதுபோல ஒரு பார்வை.

“பாத்துட்டே இருந்தியாடா?” என்றார். வார்த்தை வார்த்தையாகப் பொறுக்கி எடுத்துச் சொன்னார்.

“பெல் கெட்டுப் போயிருந்துச்சுப்பா.”

“லைட்டு எரிஞ்சுதே.”

மூன்று கேள்விகளில் மூன்றாவது. பதில் சொல்ல வேண்டியது இப்போது அவன்.

ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக இல்லத்தில் ஒரு காகிதம் வேண்டியிருந்தது. மேனேஜர் அறையில் அதை அடித்துக் கொடுத்தார்கள். பிரிண்டர் புத்தம் புதுசு, சத்தமே இல்லை. கேட்ட மாத்திரத்தில் தாளை நீட்டியது. அலோ அதையே பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை வாரமாக அவன் காலையில் வந்ததும் நலம் விசாரித்த முகம் அதுதான். வயர்மேன் வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். தன்மேல் பழி வந்துவிடக் கூடாதே என்ற கவலை அவருக்கு.

“நீங்க குடுத்த நம்பர்தான் சார். காலின்னு சொன்னீங்களே.”

“ஆமா. நான்தான் சொன்னேன்,” என்றான் அலோ. அவன் அதை யாரிடமும் மாற்றிச் சொல்லவில்லை. மேலதிகாரியிடமும் அதே வார்த்தைகளைச் சொன்னான். அவர் யோசித்துவிட்டு, இனிமேல் எல்லோரும் பட்டியலைப் பார்த்துத்தான் நம்பர் கொடுக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை விட்டார். பட்டியலைத் திருத்துவதற்கு யாரையும் போடவில்லை.

ஆஸ்பத்திரியில் புண்ணைச் சுத்தம் செய்தார்கள், காய்ச்சலுக்கு மருந்து ஏற்றினார்கள். ரத்தத்தில் விஷம் கலந்துவிட்டது என்றார்கள். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று தங்கைக்குப் புரிந்தது. மாமியாரைக் கேட்காமலே அப்பாவைத் தன் வீட்டு முன்னறைக்குக் கொண்டுபோய்விட்டாள். அண்ணனிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்.

“நான் பாத்துக்கறேன். கண்ணால.”

அலோ லீவு நாளெல்லாம் பஸ் ஏறிப் போனான். அப்பா பேச்சை நிறுத்திவிட்டிருந்தார். முடியவில்லையா, வேண்டாமென்று விட்டுவிட்டாரா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. இவன் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து விளக்குவான். இரண்டு பெட்டிக்கு ஒரே நம்பர் விழுந்துவிட்டது, பேட்டரி போன நேரம் பார்த்து, பச்சையாகத்தான் இருந்தது, வேறு எவனாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பான். அப்பா கேட்பார். கேட்டுவிட்டுக் கட்டில் கம்பியில் இடது கை விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். போலாம் ரைட். அவன் எழுந்துகொள்வான். உள்ளறையிலிருந்து தங்கை எட்டிப் பார்ப்பாள். அடுத்த தடவையும் அதே விளக்கம், அதே இரண்டு தட்டு.

கடைசியாகப் போன அன்று அப்பாவின் முகம் சுருங்கி, மூக்கு மட்டும் பெரிதாகியிருந்தது. மூச்சு விட்டு விட்டு வந்தது. அலோ ஸ்டூலில் உட்கார்ந்து வழக்கம்போல ஆரம்பித்தான். “அன்னிக்குக் காலைலப்பா, உங்க கட்டம் செவப்பாச்சு. நான் உடனே போன்…”

கம்பியில் ஒரு தட்டு விழுந்தது.

அவன் நிறுத்தினான். இரண்டாவது தட்டுக்குக் காத்திருந்தான். வரவில்லை. அப்பாவின் விரல் கம்பிமேலேயே கிடந்தது. அவர் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவனும் பார்த்தான். சொல்வதற்கு வேறு எதுவும் அவனிடம் இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கெட்டிலாக இருக்கும், எங்கேயோ ஒரு வரிசை சிவந்திருக்கும். எடுக்கவில்லை. அதிர்ந்து அதிர்ந்து அதுவே ஓய்ந்தது. அப்பாவின் கால் பக்கம் போர்வை ஈரமாகியிருந்ததைக் கவனித்து எழுந்து மாற்றினான். கைப்பழக்கம் இல்லாததால் ரொம்ப நேரம் பிடித்தது. மாற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தான்.

வெயில் சாய்ந்தபோது தங்கை வந்து எட்டிப் பார்த்தாள். கடைசி பஸ் போய்விடும், கிளம்பவில்லையா என்று கேட்டாள்.

“இன்னும் ரைட் குடுக்கல,” என்றான்.

அவள் அப்பாவின் விரலைப் பார்த்தாள். பிறகு அவர் மார்பைப் பார்த்தாள், அது எழுமா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். எழவில்லை. ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.